செல்லப்பிராணிகளுக்கான மைக்ரோசிப் அடையாளமும் பண்டிகைக்காலப் பாதுகாப்பும்

செல்லப்பிராணிகளுக்கான மைக்ரோசிப் என்பது நாய், பூனை முதலிய வளர்ப்பு விலங்குகளின் தோலுக்கு அடியில் செலுத்தப்படும், அரிசி மணி அளவுள்ள மின்னணு அடையாளச் சில்லு ஆகும். தமிழில் இது நுண்சில்லு எனவும் எழுதப்படுகிறது. கழுத்துப்பட்டை அறுந்து போகலாம், அதில் தொங்கும் தகடு கழன்று விழலாம். தோலுக்குள் இருக்கும் சில்லு அப்படித் தொலைவதில்லை. பொதுவாக விலங்கின் ஆயுள் முழுவதும் வேலை செய்கிறது. காணாமல் போய்க் கண்டெடுக்கப்பட்ட விலங்கு யாருடையது என்று அறிவதே இதன் முதன்மைப் பயன்.

வீட்டின் அன்றாட வழக்கம் குலையும் நாட்களில் வளர்ப்பு விலங்குகள் எளிதில் தொலைந்துவிடுகின்றன. தமிழ்நாட்டில் தீபாவளி, இலங்கையில் சித்திரைப் புத்தாண்டு, அமெரிக்காவில் ஜூலை 4, பிரித்தானியாவில் நவம்பர் 5 என வெடி வெடிக்கும் நாட்கள் எல்லாமே இதில் அடங்கும். சத்தத்தில் மிரண்டு ஓடும் நாய்க்குத் திரும்பும் வழி தெரிவதில்லை. விருந்தினர் திறந்து வைத்த கதவு வழியே பூனை வெளியேறிவிடுகிறது. எனவே மைக்ரோசிப்பையும் பண்டிகைக்கால ஆபத்துகளையும் சேர்த்தே பார்ப்பது பொருத்தமானது.

அமைப்பும் செயல்பாடும்

வழக்கமான சில்லு ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் விட்டமும் கொண்டது. பூனைக்கும் சிறு நாய்களுக்கும் 8 மில்லிமீட்டர் நீளமுள்ள சிறிய வகையும் உண்டு. உடல் ஏற்றுக்கொள்ளக்கூடிய கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு சிறு கம்பிச்சுருளும் சில்லும் அடைக்கப்பட்டிருக்கும். இதில் மின்கலம் கிடையாது. ஸ்கேனரை அருகில் கொண்டுவரும்போது அதிலிருந்து வரும் ரேடியோ அலையிலிருந்தே ஆற்றலைப் பெற்று, தன் எண்ணைத் திருப்பி அனுப்பும். மற்ற நேரங்களில் அது செயலற்றுக் கிடக்கும்.

இதை ஜிபிஎஸ் கருவி என்று எண்ணுவோர் பலர். அது தவறு. மைக்ரோசிப் விலங்கு எங்கே இருக்கிறது என்று காட்டாது. கையடக்க ஸ்கேனர்கள் சில சென்டிமீட்டர் தொலைவிலிருந்து மட்டுமே அதைப் படிக்கும். உரிமையாளரின் பெயரோ தொலைபேசி எண்ணோ சில்லுக்குள் இருப்பதில்லை. இருப்பது ஒரே ஒரு எண் மட்டும்.

அந்த எண்ணுக்கான பன்னாட்டுத் தரங்கள் ஐஎஸ்ஓ 11784, ஐஎஸ்ஓ 11785 ஆகியவை. இவற்றின்படி சில்லு 134.2 கிலோஹெர்ட்ஸ் அலைவெண்ணில் இயங்கும். எண் 15 இலக்கம் கொண்டிருக்கும். முதல் 3 இலக்கங்கள் நாட்டையோ தயாரிப்பு நிறுவனத்தையோ குறிக்கும். 356 இந்தியாவின் குறியீடு, 144 இலங்கையின் குறியீடு. 9 இல் தொடங்கும் எண்கள் பொதுவாகத் தயாரிப்பாளரைக் குறிப்பவை.

அமெரிக்காவில் 125 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் வேறு வகைச் சில்லுகள் முன்பே பரவியிருந்ததால் அங்கு நீண்ட காலம் குழப்பம் நிலவியது. 2004 இல் வர்ஜீனியா மாநிலத்தில் காப்பகத்துக்கு வந்த ஒரு நாயின் சில்லை அங்கிருந்த ஸ்கேனரால் படிக்க முடியவில்லை. சில்லு இருந்தும் அந்த நாய் உரிமையாளர் அற்றதாகக் கருதப்பட்டுக் கொல்லப்பட்டது. எல்லா அலைவெண்களையும் படிக்கும் பொது ஸ்கேனர்கள் தேவை என்ற கோரிக்கைக்கு இந்நிகழ்வு வலுச் சேர்த்தது.

பொருத்தும் முறை

நாய்க்கும் பூனைக்கும் இரு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே தோலைத் தூக்கிப் பிடித்து ஊசி வழியாகச் சில்லு செலுத்தப்படுகிறது. தடுப்பூசி போடும் ஊசியைவிட இது பருமனானது. வலியும் சற்றே கூடுதல். ஆனால் மயக்க மருந்து தேவையில்லை, சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். கருத்தடை அறுவைக்கு மயக்க மருந்து கொடுக்கும்போதே இதையும் செய்துவிடுவது உண்டு.

பக்கவிளைவுகள் அரிது. அதிகமாகத் தெரிவிக்கப்படுவது சில்லு இடம் நகர்ந்துவிடுவதே. தோளில் வைத்த சில்லு நாளடைவில் விலா ஓரத்துக்கோ முன்னங்கால் பக்கமோ இறங்கியிருக்கும். அதனால் கண்டெடுக்கப்பட்ட விலங்கைச் சோதிப்பவர் கழுத்தின் பின்புறத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சில்லு இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. தோள், மார்பு, கால்கள் வரை ஸ்கேனரை மெதுவாக நகர்த்திப் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் தடுப்பூசிக்குச் செல்லும்போது சில்லு வேலை செய்கிறதா என்று ஒருமுறை ஸ்கேன் செய்யச் சொல்வது நல்லது.

பதிவு இல்லாத எண்

மைக்ரோசிப் முறையின் பலவீனம் ஊசியிலோ சில்லிலோ இல்லை, பதிவேட்டில் உள்ளது. 15 இலக்க எண்ணோடு உரிமையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை ஒரு தரவுத்தளத்தில் சேர்க்கப்பட்டிருந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. சில்லு பொருத்தியதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துப் பதிவுப் படிவத்தை அலமாரியில் போட்டுவிடுபவர்கள் ஏராளம்.

அமெரிக்கக் காப்பகங்களில் சேர்ந்த 7,700க்கும் மேற்பட்ட விலங்குகளை வைத்து 2009 இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சில்லு இல்லாத நாய்களில் 21.9 விழுக்காடு உரிமையாளரிடம் திரும்பின. சில்லு உள்ள நாய்களில் 52.2 விழுக்காடு திரும்பின. பூனைகளில் வேறுபாடு இன்னும் பெரிது: 1.8 விழுக்காட்டுக்கு எதிராக 38.5 விழுக்காடு. சில்லு இருந்தும் உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கு முதல் காரணம், பதிவேட்டில் இருந்த தொலைபேசி எண் தவறானதாகவோ துண்டிக்கப்பட்டதாகவோ இருந்தது.

வீடு மாறும்போதும் சிம் மாற்றும்போதும் வங்கிக்கும் சமையல் எரிவாயு முகவருக்கும் தகவல் சொல்பவர்கள், நாயின் பதிவேட்டை மறந்துவிடுகிறார்கள். குட்டியை வேறொருவருக்குக் கொடுத்த பின்னும் பழைய உரிமையாளரின் பெயரே நீடிப்பதுண்டு. பல நாடுகளில் ஒரே பொதுப் பதிவேடு இல்லாமல் தனித்தனி நிறுவனங்களின் பதிவேடுகள் இயங்குவது மற்றொரு சிக்கல். 2025 தொடக்கத்தில் அமெரிக்காவில் அத்தகைய பதிவு நிறுவனம் ஒன்று திடீரென மூடப்பட்டதால், அதில் பதிந்திருந்தவர்கள் தம் விலங்குகளின் எண்களை வேறிடத்தில் மீண்டும் பதிய வேண்டியதாயிற்று. சில்லு பொருத்தும்போது எந்தப் பதிவேட்டில் விவரம் சேர்கிறது என்று மருத்துவரிடம் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்வது அவசியம்.

சட்ட நிலை

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றில் 2016 ஏப்ரல் முதல் நாய்களுக்கு மைக்ரோசிப் கட்டாயம். இங்கிலாந்தில் பூனைகளுக்கும் 2024 ஜூன் 10 முதல் கட்டாயமாக்கப்பட்டது. சிங்கப்பூரில் நாய்களுக்கு ஏற்கெனவே இருந்த விதி, 2024 செப்டம்பரில் தொடங்கிய உரிமத் திட்டத்தின் மூலம் பூனைகளுக்கும் விரிவடைந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நாய், பூனையைக் கொண்டுசெல்ல மைக்ரோசிப் வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு முன்போ அதே நாளிலோ அது பொருத்தப்பட்டிருக்க வேண்டும். வெளிநாடு செல்லும் குடும்பங்கள் இந்த வரிசையைத் தவறவிட்டு மீண்டும் தடுப்பூசி போட நேர்வதுண்டு.

சென்னையில் மாநகராட்சி 2025 இல் வளர்ப்பு நாய், பூனைகளுக்கு உரிமத்தையும் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியது. உரிமம் பெறாதவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்றும் அறிவித்தது. அபராதத்தைப் பற்றியே அதிகம் பேசப்பட்டாலும், இதில் உண்மையில் பயன்பெறக்கூடியவை வீட்டில் வளரும் நாட்டு நாய்கள். உயர் இன நாய் ஒன்று தெருவில் தனியாக நின்றால் யாரோ வளர்ப்பது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். கழுத்துப்பட்டை இல்லாத நாட்டு நாயைத் தெருநாயிலிருந்து பிரித்தறிய யாராலும் இயலாது. அதற்கு வீடு உண்டு என்பதற்குச் சில்லு ஒன்றே சான்று.

வெடிச்சத்தம்

மனிதர் கேட்கும் மேல் எல்லை சுமார் 20,000 ஹெர்ட்ஸ். நாய் ஏறத்தாழ 45,000 ஹெர்ட்ஸ் வரையும், பூனை 64,000 ஹெர்ட்ஸ் வரையும் கேட்கும். இந்தியச் சட்டப்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபெலுக்கு மேல் ஒலிக்கும் பட்டாசுகள் தடைசெய்யப்பட்டவை. வரம்புக்குள் இருக்கும் பட்டாசே ஒரு நாயைக் கட்டிலுக்கு அடியில் பதுங்கச் செய்யப் போதுமானது. நடுக்கம், மூச்சிரைப்பு, எச்சில் வடிதல், உணவை மறுத்தல், கதவைப் பிறாண்டுதல் ஆகியவை அச்சத்தின் அறிகுறிகள்.

தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் பட்டாசு வெடிக்க நேரம் ஒதுக்கப்படுகிறது. நடைமுறையில் முந்தைய நாளே சரவெடி தொடங்கிவிடும் என்பதை யாவரும் அறிவர். ஆகவே அந்த இரண்டு மூன்று நாட்களும் நாயை விடியும் முன்போ, சத்தம் ஓய்ந்த நண்பகலிலோ வெளியே அழைத்துச் செல்வது நல்லது. வழக்கமாகக் கயிறு இல்லாமலே உடன் வரும் நாயாக இருந்தாலும் அந்நாட்களில் கயிறு கட்டாமல் கொண்டுசெல்லக் கூடாது.

வெடிக்கும் நேரத்தில் வீட்டின் உள் அறையில் சன்னல்களை மூடி, திரை போட்டு, மின்விசிறியையோ தொலைக்காட்சியையோ ஓடவிட்டால் வெளிச்சத்தம் ஓரளவு மட்டுப்படும். மாடியிலோ வாசலிலோ சங்கிலியில் கட்டி வைப்பது கூடாது. மிரண்டு பாயும் நாய் சங்கிலியில் கழுத்து இறுகி இறக்க நேரிடும். அஞ்சும் நாயைத் தடவிக் கொடுத்தால் அச்சம் வளரும் என்பது பழைய நம்பிக்கை. அதற்கு அடிப்படை இல்லை; அது ஒட்டி வந்தால் அருகில் அமர்த்திக்கொள்ளலாம். பதுங்க விரும்பினால் வலிந்து வெளியே இழுக்காமல் விட்டுவிட வேண்டும்.

கடுமையாக அஞ்சும் நாய்களுக்கு மருந்துகள் உள்ளன. அவற்றைப் பண்டிகைக்குச் சில வாரங்களுக்கு முன்பே கால்நடை மருத்துவரைப் பார்த்துப் பெற வேண்டும். உடலை மட்டும் அடக்கி அச்சத்தை அப்படியே விட்டுவிடும் பழைய மயக்க மருந்துகளைத் தனியாகக் கொடுப்பதை இன்று மருத்துவர்கள் தவிர்க்கிறார்கள். வீட்டில் உள்ள மனிதர் மாத்திரைகளைக் கொடுப்பது ஆபத்தானது; பாராசிட்டமால் ஒன்றே பூனையைக் கொல்லும்.

மறுநாள் காலை தெருவில் கிடக்கும் வெடிக்காத பட்டாசும் மருந்துத் தூளும் மற்றோர் அபாயம். நாய் அவற்றை மென்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு, நடுக்கம் ஏற்படலாம். வாசலைப் பெருக்கிய பிறகே அதை வெளியே விட வேண்டும்.

பலகாரமும் விருந்தும்

பண்டிகைச் சமையலில் நாய்க்கு ஆகாதவை பல. சாக்லேட் பற்றிப் பலரும் அறிவர். கேசரியிலும் பாயசத்திலும் போடும் உலர்திராட்சையைப் பற்றி அவ்வளவாக அறிவதில்லை. திராட்சையும் உலர்திராட்சையும் நாய்களுக்குச் சிறுநீரகச் செயலிழப்பை உண்டாக்கும். எவ்வளவு உண்டால் ஆபத்து என்பதற்குத் திட்டமான அளவு கிடையாது; ஒரு நாய்க்குச் சில பழங்களே தீங்கு செய்யும், மற்றொன்றுக்கு ஒன்றும் ஆகாது. இதற்குக் காரணம் திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று அண்மைக்கால ஆய்வுகள் கருதுகின்றன. அதே அமிலம் மிகுந்த புளியை உண்ட நாய்களுக்கும் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டது பதிவாகியுள்ளது. புளியோதரையும் புளிக்குழம்புச் சோறும் மிஞ்சினால் நாய்க்கு வைப்பது தமிழ் வீடுகளில் இயல்பு என்பதால் இது கவனிக்கத்தக்கது.

வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பூனைகள் இதில் இன்னும் எளிதில் பாதிக்கப்படும். நெய்யில் ஊறிய இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும் ஒரே நாளில் மிகுதியாகக் கிடைத்தால் கணைய அழற்சி வரலாம். தீபாவளிக் காலை ஆட்டுக்கறிக் குழம்பில் வெந்த எலும்புகள் கூர்மையாக உடைந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும். விருந்தினரும் குழந்தைகளும் அன்போடு ஊட்டிவிடுவதே பெரும்பாலும் சிக்கலாகிறது; வருவோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது எளிது.

கார்த்திகை விளக்குகளைப் பூனையின் வாலுக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும் மினுமினுப்பு நாடாவை விழுங்கும் பூனைக்குக் குடல் சுருங்கிக் கிழியக்கூடும். பூங்கொத்துகளில் வரும் லில்லி மலரின் எல்லாப் பகுதிகளும், மகரந்தம் உட்பட, பூனைகளுக்குக் கடும் நஞ்சு. போகியன்று எழும் புகை கூண்டுப் பறவைகளை விரைவில் பாதிக்கும் என்பதால் அவற்றை உள்ளறைக்கு மாற்ற வேண்டும்.

விலங்கு தொலைந்தால்

பண்டிகைக்கு முந்தைய வாரமே பதிவேட்டிலுள்ள தொலைபேசி எண் சரியானதா என்று பார்ப்பதும், ஊருக்குப் போவதாக இருந்தால் நாயைப் பார்த்துக்கொள்பவரின் எண்ணை மாற்றுத் தொடர்பாகச் சேர்ப்பதும் சில நிமிட வேலை. மைக்ரோசிப் இருந்தாலும் தொலைபேசி எண் பொறித்த கழுத்துப்பட்டை வேண்டும். தெருவில் நாயைப் பார்ப்பவரிடம் ஸ்கேனர் இருக்காது.

தொலைந்தது தெரிந்தவுடன் பதிவேட்டில் அதைத் தெரிவித்து, அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைகளுக்கும் காப்பகங்களுக்கும் 15 இலக்க எண்ணையும் தெளிவான படத்தையும் கொடுக்க வேண்டும். மிரண்ட பூனை பெரும்பாலும் தொலைதூரம் போவதில்லை; பக்கத்து வீட்டுப் படிக்கட்டின் அடியிலோ நிறுத்திய வாகனத்தின் கீழோ ஓசையின்றி ஒளிந்திருக்கும். தெரு அடங்கிய பின்னிரவில் டார்ச் விளக்கோடு தேடினால் அதன் கண்கள் மின்னுவது தெரியும். நாய் வெகுதூரம் ஓடியிருக்கலாம். அதைக் கண்டவர்கள் கூட்டமாகத் துரத்தினால் மேலும் ஓடும். கீழே அமர்ந்து, உணவு வைத்து, பழகிய குரலில் பெயர் சொல்லி அழைப்பதே அதை நெருங்கும் வழி.

கண்டெடுத்தவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுசென்று ஸ்கேன் செய்யச் சொல்ல வேண்டும். எண் கிடைத்தால் அதை எந்தப் பதிவேட்டில் தேடுவது என்று மருத்துவமனையிலேயே கேட்டறியலாம். முதல் ஸ்கேனில் எதுவும் தெரியாவிட்டால் உடல் முழுவதும் மீண்டும் ஒருமுறை பார்க்கச் சொல்ல வேண்டும்.