வீடு விற்பவர் கவனத்திற்கு: வாங்குபவர் பிடித்து வைக்கும் 3 விழுக்காடு

சுங்கை பெசார், தஞ்சோங் காராங், கோலா சிலாங்கூர் வட்டாரங்களில் தோட்டத்தை விட்டு வந்த நம் குடும்பங்கள் பல, சேமநிதிப் பணத்தைப் போட்டுத் தாமானில் ஒரு வீடு வாங்கியிருக்கின்றன. பிள்ளையின் படிப்புக்கோ கல்யாணத்துக்கோ அதை விற்க நேரும்போது பலர் திகைத்துப் போகிறார்கள்.

வீட்டின் விலை 3 லட்சம் வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் பத்து விழுக்காடு, அதாவது 30,000 வெள்ளி. ஆனால் கைக்கு வருவதோ 21,000 வெள்ளிதான். மீதி 9,000 எங்கே? யாரும் ஏமாற்றிவிடவில்லை. அது சட்டப்படி பிடித்து வைத்த பணம்.

1975 நவம்பர் 7 முதல் நம் நாட்டில் சொத்து ஆதாய வரி உண்டு. விற்பவர் வரி கட்டாமல் போய்விடக் கூடாது என்பதற்காக, விலையில் 3 விழுக்காட்டைப் பிடித்து, 60 நாட்களுக்குள் வருமான வரி வாரியத்தில் கட்டும் கடமையைச் சட்டம் வாங்குபவர் மீது வைத்திருக்கிறது. குடிமக்களுக்கும் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இந்தக் கணக்குதான். இரண்டும் இல்லாதவர் விற்றால் 7 விழுக்காடு.

வாங்குபவர்களே, "முழுப் பணத்தையும் கொடுங்கள், வரியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று விற்பவர் சொன்னால் இணங்காதீர்கள். கட்டத் தவறினால் அந்தத் தொகையோடு இன்னும் பத்து விழுக்காடு சேர்த்து உங்களிடம்தான் கேட்பார்கள்.

பிடித்த பணம் வேறு, உண்மையான வரி வேறு. வரி லாபத்துக்கு மட்டுமே. 2022 முதல் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும், வாங்கிய 3 ஆண்டுக்குள் விற்றால் 30 விழுக்காடு. 4-ஆம் ஆண்டில் 20. 5-ஆம் ஆண்டில் 15. அதற்குப் பின் வரி இல்லை.

மேலே சொன்ன வீட்டை 4-ஆம் ஆண்டில் விற்று, செலவு போக 30,000 வெள்ளி லாபம் வந்தால், 10,000 வெள்ளி கழிவு உண்டு. மீதி 20,000-க்கு வரி 4,000 வெள்ளி. பிடித்தது 9,000 அல்லவா? 5,000 வெள்ளி உங்களுக்குத் திரும்பி வர வேண்டும். லாபம் 60,000 என்றால் வரி 10,000. இன்னும் 1,000 கட்ட வேண்டியிருக்கும்.

ஆகவே வாங்கிய நாளிலிருந்தே வழக்கறிஞர் கட்டணம், முத்திரை வரி, வீட்டைப் பெரிதாக்கிய செலவு ஆகியவற்றின் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். ரசீது இல்லாத செலவைக் கழித்துக்கொள்வது கடினம்.

குடியிருந்த வீட்டுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறை விலக்குக் கேட்கலாம். ஆறாம் ஆண்டுக்குப் பின் விற்கும் வீட்டுக்கு அதைச் செலவழிப்பது வீண். வரியே இல்லாவிட்டாலும் படிவம் நிரப்பித்தான் ஆக வேண்டும். 2025 முதல் கணக்கை விற்பவரே போட்டுக் காட்ட வேண்டும்.

நாள் கணக்கு பொதுவாக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளிலிருந்தே ஓடும். முழுப் பணமும் கைக்கு வரும் நாளிலிருந்து அல்ல. கையெழுத்திடும் முன், "எவ்வளவு பிடிப்பீர்கள், எனக்கு வரி உண்டா, மீதி எப்படித் திரும்பும்?" என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். உழைத்துச் சேர்த்த வீடு அல்லவா!