கேட்காமல் எடுத்த குரல்

1989இல் பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற சிங்கிள் 'ரைட் ஆன் டைம்'. பிளாக் பாக்ஸ் என்ற இத்தாலியக் குழு வெளியிட்ட அந்தப் பாட்டு ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. வீடியோவில் ஒல்லியான மாடல் ஒருவர் வாயசைத்தார். குரலுக்குச் சொந்தக்காரர் வேறொருவர்: லொலீட்டா ஹாலோவே.

1946இல் சிகாகோவில் பிறந்த லொலீட்டா, அம்மாவோடு சேர்ந்து தேவாலயப் பாடற்குழுவில் பாடி வளர்ந்தவர். பிறகு ஆல்பர்ட்டினா வாக்கரின் புகழ்பெற்ற 'கேரவன்ஸ்' காஸ்பல் குழுவில் சேர்ந்தார். கறுப்பின மக்களின் தேவாலய இசையான காஸ்பலில் அடக்கி வாசிப்பதற்கு இடமில்லை. ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எடுத்து, ஒவ்வொரு முறையும் ஒரு படி ஏற்றி, கடைசியில் சொல்லே கரைந்து அலறலாகும்வரை பாடவேண்டும். சபை பதில் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் சோல் இசைப் பக்கம் வந்தார். 1975இல் 'க்ரை டு மி' ஓரளவு பெயர் வாங்கித் தந்தது. அவருடைய ரெக்கார்டு கம்பெனியோ நொடித்துப்போனது.

அடுத்து வந்த சால்சோல் என்ற டிஸ்கோ ரெக்கார்டு கம்பெனிதான் திருப்பம். டிஸ்கோவில் பாட்டு நீளம். ஆடுகிறவர்கள் நிற்கக் கூடாது. 1977இல் 'ஹிட் அண்ட் ரன்' பாட்டை டிஜே வால்டர் கிப்பன்ஸ் பதினோரு நிமிடமாக மாற்றியமைத்தார். எழுதிய வரிகளில் பெரும்பகுதியை வெட்டிவிட்டு, லொலீட்டா கடைசியில் மனம்போனபடி பாடியதையே பிரதானமாக்கினார். சபையில் பழகிய அந்த அலறல் நடன அரங்குக்கு வந்துசேர்ந்தது இப்படித்தான்.

1980இல் டான் ஹார்ட்மன் எழுதித் தயாரித்த 'லவ் சென்சேஷன்' அமெரிக்க நடனப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பிளாக் பாக்ஸ் சாம்ப்ளர் கருவியில் துண்டு துண்டாக வெட்டி எடுத்தது இந்தப் பாட்டைத்தான். அனுமதியும் இல்லை, பெயரும் இல்லை. திருட்டு என்று சொல்வதில் தவறில்லை. வக்கீல்கள் நுழைந்த பிறகு இழப்பீடு கிடைத்தது. குழு ஹெதர் ஸ்மால் என்ற பாடகியைப் பாடவைத்து வேறொரு பதிப்பை வெளியிட்டது.

1991இல் கதை மாறியது. பின்னாளில் நடிகரான மார்க் வால்பெர்க், 'மார்க்கி மார்க்' என்ற பெயரில் வெளியிட்ட 'குட் வைப்ரேஷன்ஸ்' அதே பாட்டிலிருந்து எடுத்தது. ஆனால் அட்டையில் லொலீட்டாவின் பெயர் இருந்தது, வீடியோவில் அவரே தோன்றினார். அமெரிக்காவில் அது நம்பர் ஒன்.

2009இல் விட்னி ஹூஸ்டன் பாடிய 'மில்லியன் டாலர் பில்'லின் அடித்தளமும் லொலீட்டாவின் எழுபதுகளின் பாட்டு ஒன்றுதான். 2011 மார்ச்சில், 64 வயதில் அவர் காலமானார்.