அப்பன் நிறம் மகளுக்கு

அடைக்கு வைத்த முட்டைகள் 21-ஆம் நாள் பொரிந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, இதில் பெட்டை எத்தனை என்பதுதான். பார்த்த மாத்திரத்தில் சொல்ல வழியில்லை. கொண்டை பெருத்துச் சிவந்து, இடுப்பில் கூரான இறகு இறங்கும் வரை, அதாவது இரண்டு மூன்று மாதம், தீனி போட்டுக் காத்திருக்க வேண்டும். கூர்முனை முட்டையில் சேவல் இருக்கும், நூலில் மோதிரத்தைக் கட்டி முட்டைக்கு மேலே தொங்கவிட்டால் அது ஆடும் விதத்தில் தெரிந்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டும் பாதிக்குப் பாதி பலிக்கும். பிறப்பதே ஏறக்குறைய பாதிக்குப் பாதிதானே!

ஆனால் சில கலப்புகளில், குஞ்சு ஈரம் காய்வதற்குள் ஆணா பெண்ணா என்று அதன் நிறமே சொல்லிவிடும். இதில் ஜோசியம் ஏதுமில்லை; கோழியின் மரபணுக் கணக்கு அப்படி அமைந்திருக்கிறது.

மனிதரில் பிள்ளை ஆணா பெண்ணா என்பது தந்தை தரும் குரோமோசோமைப் பொறுத்தது. பறவைகளில் இது தலைகீழ். சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள்; பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. தாய்க்கோழி தன்னிடமுள்ள ஒரே இசட்டை மகனுக்குக் கொடுக்கிறது. மகளுக்குக் கிடைப்பது டபிள்யூ மட்டும். அப்படியானால் மகளிடம் இருக்கும் ஒற்றை இசட் முழுக்க முழுக்க அப்பனுடையது. கண்ணுக்குத் தெரியும் ஒரு குணம் அந்த இசட்டில் ஏறியிருந்தால் வேலை சுலபம்: மகள் அப்பனைக் காட்டும், மகன் அம்மாவையும் காட்டும்.

அப்படிப்பட்ட குணங்களில் ஒன்று வரி. அமெரிக்காவின் பிளைமவுத் ராக் இனத்தில் ஒரு வகைக்கு, கறுப்பு இறகில் குறுக்கே வெள்ளை வரிகள் ஓடும். இந்த வரி ஆண், பெண் என்ற பாலோடு எப்படி இணைந்து போகிறது என்பதை 1908-இல் ஆய்வாளர் வில்லியம் ஸ்பில்மன் விளக்கினார். வரியுள்ள பிளைமவுத் ராக் பெட்டையோடு, வரியில்லாத ரோட் ஐலண்ட் ரெட் சேவலைச் சேர்த்துப் பாருங்கள். குஞ்சுகள் எல்லாமே கறுப்பாகத்தான் பொரியும். ஆனால் சிலவற்றின் உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு இருக்கும். அவை சேவல்கள், தாயின் வரி மரபணு வந்து சேர்ந்ததன் அடையாளம் அந்தப் பொட்டு. பொட்டில்லாதவை பெட்டைகள். வளர்ந்த பிறகு சேவல்கள் அம்மாவைப் போல வரியோடு நிற்கும்; பெட்டைகள் கறுப்பாகி, கழுத்தில் செம்மை படரும்.

இன்னொரு குணம், வெள்ளி நிறமும் பொன் நிறமும். ரோட் ஐலண்ட் ரெட் சேவல் பொன் வகை. லைட் சசெக்ஸ் பெட்டை வெள்ளி வகை. இவற்றின் குஞ்சுகளில் வெளிர் மஞ்சளாக இருப்பவை சேவல், செம்பழுப்பாக இருப்பவை பெட்டை.

முதல் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்தில் தீனிக்குத் தட்டுப்பாடு. முட்டையிடாத சேவல் குஞ்சுகளைப் பிறந்த அன்றே பிரித்துவிட இந்த வழியைப் பரிந்துரைத்தவர் கேம்பிரிட்ஜின் ரெஜினால்ட் பன்னெட்; பள்ளி உயிரியல் பாடத்தில் வரும் பன்னெட் சதுரத்துக்குச் சொந்தக்காரர். பின்னர் அவரும் சக ஆய்வாளர் மைக்கேல் பீஸும், தலைமுறை தலைமுறையாக நிறத்திலேயே பால் தெரியும் இனங்களை உருவாக்கினார்கள். அவற்றில் கிரீம் லெக்பார் இன்றும் பிரபலம். அது இடுவது நீல முட்டை. சேவல் குஞ்சுக்கு வரி மரபணு இரட்டிப்பாக வருவதால் உடல் வெளிறிப்போகும், பெட்டைக் குஞ்சின் முதுகுக் கோடு அடர்ந்து தெளிவாக நிற்கும்.

சாதாரணக் கலப்பில் இந்த வசதி ஒரே தலைமுறைக்குத்தான். பொட்டுள்ள சேவலையும் பொட்டில்லாத பெட்டையையும் மறுபடி சேர்த்தால், வரி ஆணிலும் பெண்ணிலும் கலந்து வரும். ஜோடியை மாற்றிப் போட்டாலும் பயனில்லை. வரிச் சேவலுக்குச் சிவப்புப் பெட்டை என்றால் எல்லாக் குஞ்சுக்கும் பொட்டு! புறக்கடையில் செய்து பார்ப்பவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான். இன்னொரு பொறி வெள்ளை லெகார்ன். அதன் வெள்ளை, வெள்ளி வகையைச் சேர்ந்ததல்ல; மற்ற நிறங்களை மூடிவிடும் வெள்ளை. அதைத் தாயாக வைத்தால் நிறம் ஒன்றும் சொல்லாது. அதனால்தான் பெரிய குஞ்சுப்பொரிப்பகங்கள் லெகார்னில் வேறு வழிகளை நம்புகின்றன. ஒன்று, இறக்கையில் இறகு முளைக்கும் வேகம். அதுவும் இசட்டில் ஏறிய குணம்தான். மற்றொன்று, குஞ்சின் கழிவுத் துவாரத்தைத் திறந்து பார்ப்பது. 1920-களில் ஜப்பானில் வளர்ந்த கலை இது. தேர்ந்த கை மணிக்கு ஆயிரம் குஞ்சு வரை பிரிக்கும்.

நம் நாட்டுக்கோழிகளில் பல நிறமும் பல தலைமுறைக் கலப்பும் உண்டு. அவற்றின் குஞ்சு நிறத்தை வைத்துப் பெட்டை என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். அப்பன் எந்த இனம், தாய் எந்த இனம் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அது வெறும் ஊகம்.

நீங்களே செய்து பார்ப்பதாக இருந்தால், பெட்டைகளை மற்ற சேவல்களிடமிருந்து மூன்று வாரம் விலக்கி வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். பெட்டையின் உடலில் பழைய சேவலின் விந்து இரண்டு மூன்று வாரம் உயிரோடு தங்கியிருக்கும். அந்த நாட்களில் இட்ட முட்டையை அடைக்கு வைக்காமல் ஆம்லெட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம்.