வேடிக்கைக்காகப் பறந்த தோழிகள்

ஒரு மாலை, பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் எங்கள் மாலை வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது, நமுனுகுலை மலையை ஒட்டி ஹெலிகொப்டர் ஒன்று போனது. பிள்ளைகள் கொப்பிகளைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார்கள். நானும் பின்னாலேயே போனேன் என்பதை இங்கே ஒளிப்பதற்கில்லை. திரும்பி வந்து உட்கார்ந்ததும், தரம் ஆறில் படிக்கும் பிள்ளை கேட்டாள்: “டீச்சர், வேலைக்குப் போகாம, சும்மா சுத்திப் பாக்கிறதுக்குன்னு பொம்பளைங்க பிளேன்ல போவாங்களா?”

கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவளுடைய தாயார் நான்கு வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவர். எங்கள் லயங்களில் விமானம் ஏறிய பெண்கள் பலர் உண்டு. அநேகமாக எல்லோரும் ஏறியது கடன் அடைக்கவும், கூரைத் தகரம் மாற்றவும், பிள்ளைகளைப் படிக்கவைக்கவும்தான். மகளைக் கூட்டிப்போக வந்திருந்த தாயார் வாசலில் நின்றபடி சொன்னார்: “போறப்ப நான் கண்ணையே தொறக்கல டீச்சர். வரும்போதுதான் கீழ பாத்தேன். எல்லாம் பச்சையா இருந்துச்சு. நம்ம மலை எதுன்னு தேடினேன், கண்டுபிடிக்க முடியல.”

அன்று அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதிலைத்தான் சகோதரிகளே, உங்களுக்கும் எழுதுகிறேன்.

மும்பாயில் ஆரோஹி பண்டிட், கீதேர் மிஸ்கிட்டா என்று இரண்டு தோழிகள். இருவரும் விமானிகள். 2018 ஜூலையில் ‘மாஹி’ என்று பெயரிட்ட சின்னஞ்சிறு விமானத்தில் பஞ்சாப்பிலிருந்து புறப்பட்டார்கள். அதில் இரண்டே ஆசனங்கள். பயணிகளும் இல்லை, சரக்கும் இல்லை. பாகிஸ்தான், ஈரான், துருக்கி வழியாக ஐரோப்பாவைக் கடந்து பிரித்தானியா வரை போனார்கள். ‘சைனஸ்’ என்ற அந்த ரக விமானம் ஸ்லோவேனியா நாட்டில் செய்யப்படுவது. சிறகு நீண்டது, இயந்திரத்தை நிறுத்தினாலும் பருந்தைப்போலக் காற்றில் மிதந்து வெகுதூரம் போகக்கூடியது. பெரிய விமானம் மேகத்துக்கு மேலே ஏறிவிடும், கீழே ஒன்றும் தெரியாது. இந்தச் சிறிய வண்டியிலோ ஆற்றையும் ரயில் பாதையையும் பார்த்துக்கொண்டே போகலாம். ஒருவர் ஓட்ட, மற்றவர் வரைபடத்தையும் வானிலையையும் கவனித்துக்கொள்வார். காற்று சரியில்லை என்றால் இறங்கிக் காத்திருக்க வேண்டியதுதான்.

அட்லாண்டிக் சமுத்திரத்தை ஆரோஹி தனியாகக் கடந்தார். 2019 மே மாதம், ஸ்கொட்லாந்தின் விக் நகரிலிருந்து ஐஸ்லாந்திலும் கிரீன்லாந்திலும் தங்கி, கனடாவின் இக்காலுயிட்டில் இறங்கினார். இவ்வகை இலகுரக விமானத்தில் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்த முதல் பெண் அவர். அப்போது வயது 23.

நம் தமிழ்நாட்டிலும் ஒருவர் இருந்தார். சென்னையில் வாழ்ந்த உஷா சுந்தரம், கணவர் கப்டன் சுந்தரத்துடன் சேர்ந்து விமானம் ஓட்டியவர். 1951இல் இருவருமாக ‘டவ்’ ரக விமானமொன்றை இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்குச் சுமார் 27 மணித்தியாலத்தில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அது உல்லாசப் பயணம் அல்ல. ஆனாலும் அந்தக் காலத்தில் ஒரு பெண் விமானி அறைக்குள் இருந்தார் என்பதே எனக்குப் பெரிய சங்கதி.

வெறும் வேடிக்கைக்காகப் பறந்த கதை வேண்டுமென்றால் 1933 ஏப்ரல் 20ஐச் சொல்ல வேண்டும். அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட், வெள்ளை மாளிகை விருந்துக்கு வந்த தோழி அமீலியா ஏயர்ஹார்ட்டுடன், விருந்து உடையிலேயே விமான நிலையத்துக்குப் போய்விட்டார். வோஷிங்டனிலிருந்து போல்டிமோர் நகரின் வெளிச்சங்களைப் பார்த்துத் திரும்பி வந்தார்கள். அமீலியா கொஞ்சநேரம் தானே ஓட்டினார். எலினோருக்கும் ஓட்டப் பழக ஆசை. பழகுநர் அனுமதிக்கான உடற்பரிசோதனையிலும் தேறியிருந்தார். கணவருக்கு விருப்பமில்லை, அதனால் அவர் பழகவே இல்லை. ஜனாதிபதி வீட்டிலும் அந்தக் கதைதான்!

இங்கேயும் காலம் நகராமலில்லை. 2020இல் திருகோணமலையில் இரண்டு இளம் பெண்கள் நம் விமானப்படையின் முதல் பெண் விமானிகளாகச் சின்னம் பெற்றார்கள். தனியார் விமானி உரிமத்துக்கு உலகப் பொது விதிப்படி 17 வயதாக வேண்டும், குறைந்தது 40 மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும். ஆங்கிலமும் கணிதமும் அவசியம். செலவு நமக்கு எட்டாத செலவு. அதை மறைத்துப் பிள்ளைக்கு நான் சொல்லவில்லை.

நமது மலைக்கு மேலே பறப்பதும் லேசான காரியமல்ல என்றேன். அப்புத்தளைக் கணவாயில் நிமிடத்தில் பனிமூட்டம் ஏறிவிடும். மலையைத் தாண்டி இறங்கும் காற்று சிறிய விமானத்தைக் கீழே அழுத்தும். தெளிவான காலை நேரத்தில் போனால், தெமோதரையில் ரயில் பாதை வளைந்து தன் அடியிலேயே நுழைவதும், துன்ஹிந்தை நீர்வீழ்ச்சியும், லயக் கூரைகளும் தெரியும்.

பிள்ளை கொப்பியில் ஏதோ கீறிக்கொண்டிருந்தாள். தாயார்தான் கேட்டார்:

“அந்த ரெண்டு அம்மாமாரும் மேல இருந்து அவங்க வீட்டக் கண்டுபிடிச்சாங்களா டீச்சர்?”