ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நம் முன்னோர் ஆறுதல் சொல்லிவந்தார்கள். பெங்களூரில் ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் வைத்தியசாலையின் வாசலில், நசுங்கிப்போன ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள் அதே ஆறுதலைத் தலைப்பாகைக்குப் பதில் ஹெல்மெட் என்று மாற்றிச் சொல்லிக்கொண்டால் அதைத் தவறென்று சொல்வதற்கில்லை. பதிவான வாகனங்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்ட, அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு இருசக்கர வண்டிகளாகவே உள்ள ஒரு நகரத்தில், 1974 முதல் தலைக்காயங்களைக் கண்டுவரும் அந்த ஸ்தாபனமே, குருராஜ் போன்ற தன் ஆராய்ச்சியாளர்களைக் கொண்டு, ஹெல்மெட்டின் அவசியத்தை நெடுங்காலமாக வலியுறுத்தி வந்திருக்கிறது. ஆனால் தலையோடு போகாமல் தோளோடு போய்விடுகிற காயம் ஒன்று உண்டு. உயிர் பிழைத்த ஆனந்தத்தில் அதைப் பலரும் கவனிப்பதில்லை.

வேகமாகச் செல்லும் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்டவன், தோள்பட்டை தரையில் மோத, தலை எதிர்ப்புறம் சாய விழுவானாகில், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள கோணம் ஒரு க்ஷணத்தில் அளவுக்கு மீறி விரிந்துவிடுகிறது. கழுத்திலிருந்து நான்கும் மார்பின் மேற்பகுதியிலிருந்து ஒன்றுமாக ஐந்து வேர்களாய்ப் புறப்பட்டு, சேர்ந்தும் பிரிந்தும் கைக்கு வேண்டிய அசைவையும் உணர்ச்சியையும் கொண்டு செல்லும் நரம்புப் பின்னல் அங்கேதான் இருக்கிறது. பிரேக்கியல் பிளக்ஸஸ் என்பது அதன் வைத்தியப் பெயர். இழுபட்ட நரம்பு சில சமயம் நீண்டு நொந்துபோவதோடு நிற்கும். சில சமயம் நடுவில் அறும். மிகக் கொடிய நிலையில், நாற்றைப் பிடுங்கினாற்போல் தண்டுவடத்திலிருந்தே வேரோடு பெயர்ந்துவிடும். அடிபட்ட பக்கத்துக் கண்ணிமை சற்றே தொங்கி, கண்மணி சுருங்கியிருப்பதைக் கொண்டே, கைக்குச் செல்லும் கடைசி வேர் பெயர்ந்திருக்கிறதென்று அநுபவமுள்ள வைத்தியர் ஊகித்துவிடுவார். கையின் சேதத்தைக் கண் காட்டிக்கொடுப்பது சரீரத்தின் விசித்திரங்களில் ஒன்று.

வீட்டாருக்கோ எலும்பின்மீதே கவனம். எலும்பு கூடிவிட்டால் கையும் வந்துவிடும் என்று நம்பிப் புத்தூர்க் கட்டைத் தேடிப்போகும் வழக்கம் நம் ஜனங்களிடம் இன்னும் மறையவில்லை. எலும்புக்குக் கட்டு உண்டு; அறுந்த நரம்புக்கு அப்படி ஒரு கட்டு இல்லை. அதற்கு வேண்டியது காலம், அந்தக் காலத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

தைத்து இணைக்கப்பட்ட நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளர்கிறது. கழுத்திலிருந்து முழங்கையை மடக்கும் தசைவரை ஏறத்தாழ முப்பது சென்டிமீட்டர் என்று கொண்டால் பத்து மாதம். உள்ளங்கையின் சிறு தசைகள்வரை எழுபது என்று கொண்டால் இரண்டு வருஷம். நரம்பின் கட்டளை வராமல் காத்திருக்கும் தசையோ பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதத்துக்குள் மெலிந்து, கட்டளை வந்தாலும் ஏற்றுக்கொள்ளும் சக்தியை இழந்துவிடுகிறது. ஆகவே விபத்து நடந்து மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் சஸ்திர சிகிச்சை நடந்தால் முழங்கையை மீட்கலாம், தோளை ஓரளவு மீட்கலாம். விரல்கள் பெரும்பாலும் கைக்கெட்டாமலே போகின்றன. முதலிரண்டு மாதத்தை ‘தானாகச் சரியாகிவிடும்’ என்று கழித்தவன் இந்தக் கணக்கில் அறுபது மில்லிமீட்டரை இழந்தவன்.

சர்க்கார் வைத்திருக்கும் கணக்கு வேறு. விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 25,000 ரூபாய் வரை தானே ஏற்கும் திட்டத்தைக் கர்நாடக அரசு 2016-இல் கொண்டுவந்தது. உயிரைக் காக்கும் நல்ல காரியம், சந்தேகமில்லை. நாற்பத்தெட்டு மணி நேரத்தில் நரம்பு வளர்வது இரண்டு மில்லிமீட்டர். அதன்பின் வருகிற மாதங்களில் பிசியோதெரபிக்கு அலைச்சல், இழந்த சம்பளம், அடிபட்டது வலது கையானால் இடது கையால் சட்டைப் பித்தானைப் போடப் பழகுதல், ஆக்ஸிலரேட்டர் வலது கைப்பிடியில் இருப்பதால் வண்டியை விற்றுவிடுதல் ஆகிய எல்லாம் குடும்பத்தின் தலையில்தான் விழுகின்றன.

இவற்றைக் காட்டிலும் கொடியது வலி. தொட்டால் தெரியாத, கிள்ளினாலும் உறைக்காத கை, நெருப்பில் வைத்ததுபோல் எரிகிறது. இடையிடையே மின்சாரம் பாய்வதுபோல் வெட்டி இழுக்கிறது. உணர்ச்சியே இல்லாத இடத்தில் வலி எப்படி என்று கேட்டு, நோயாளி நடிக்கிறான் என்று முடிவு கட்டுபவர்களும் உண்டு. வலி பிறப்பது கையில் அன்று. வேர் பெயர்ந்த இடத்தில், செய்தி வருவது அடியோடு நின்றுபோன தண்டுவட அணுக்கள், மௌனத்தைத் தாங்காமல் தாமாகவே கூவத் தொடங்கிவிடுகின்றன; மூளை அந்தக் கூச்சலைக் கையிலிருந்து வந்ததாகவே எடுத்துக்கொள்கிறது. குளிரில் இவ்வலி கூடுமாதலால் பெங்களூரின் மார்கழி இவர்களுக்கு உகந்ததன்று. மனம் ஒரு வேலையில் ஆழ்ந்திருக்கையில் குறையும் என்பதால், வைத்தியர்கள் மருந்தோடு வேலைக்குத் திரும்பும்படியும் சொல்கிறார்கள்.

இந்தப் புதிரில் கைவைத்தவர்களுள் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன் முக்கியமானவர். அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இதே வேர்கள் பெயர்ந்து, செயலற்ற கை பிற்பாடு வெட்டியெடுக்கப்பட்ட ஒருவர், பத்து வருஷமாகியும் இல்லாத அந்தக் கை அசையாமல் உறைந்து வலிப்பதாகச் சொல்லி அவரிடம் வந்தார். ஒரு பெட்டியின் நடுவே கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியும்படி செய்தபோது, அந்த மாயக்கை அசைவதை வந்தவர் உணர்ந்தார். வீட்டில் சில வாரம் பழகியபின் அதன் பெரும்பகுதி மறைந்தே போயிற்று. எல்லாருக்கும் இக்கண்ணாடி பலிப்பதில்லை. எனினும் செலவில்லாத சிகிச்சை என்பதால் முயன்று பார்க்கத் தக்கது.

மூளையின் வளைந்துகொடுக்கும் குணம் சஸ்திர சிகிச்சையிலும் உதவுகிறது. வேர்கள் பெயர்ந்து போனவர்களுக்கு, விலாவெலும்புகளுக்கிடையே மூச்சுக்கு உதவும் நரம்புகளைத் திருப்பி முழங்கைத் தசையோடு இணைக்கிறார்கள். முதலில் கையை மடக்க வேண்டுமானால் ஆழ்ந்து மூச்சிழுத்தாக வேண்டும். மாதக்கணக்கில் பழகப்பழக, மூச்சு வேறு, கை வேறு என்று மூளை பிரித்தறிகிறது. நினைத்த மாத்திரத்தில் கை மடங்குகிறது. ஆயினும் சிலருக்குப் பல வருஷங்களுக்குப் பிறகும், பலமாகத் தும்மும்போது, அந்தக் கை கேளாமலே சற்று மேலே எழும்புகிறது.