வேலியோரத்துச் செங்காந்தளும் வெள்ளணுக்களின் நடையும்

ஐப்பசி மழை நின்று பெய்துவிட்டால், புதுக்கோட்டை மாவட்டத்துச் செம்மண் புஞ்சைகளிலும் ஐயனார் கோயில் காடுகளின் ஓரங்களிலும், தன் இலைநுனியையே சுருட்டி முள்வேலியைப் பற்றிக்கொண்டு ஏறுகிற செங்காந்தள், பச்சையாய் அரும்பி, மஞ்சளாய் விரிந்து, சிவப்பாய்க் கனன்று நிற்பதைக் காணலாம். தமிழ்நாட்டின் அரசு மலர் என்ற கௌரவம் பூவுக்குக் கிடைத்துவிட்டது. ஆனால், கண்வலிக்கிழங்கென்று பெயரிட்டுக் கிராமத்தார் எட்ட நின்றே பழகிய அதன் கிழங்கில் உறைகிற கால்சிசின் என்னும் விஷந்தான், நம் சரீரத்து வெள்ளணுக்கள் திசை தவறாமல் நடக்கும் சூட்சுமத்தில் ஒரு பகுதியை விஞ்ஞானிகளுக்கு விளங்கவைத்தது.

காலில் கருவேலமுள் தைத்தால், இரத்தக்குழாய்ச் சுவரின் இடுக்குகளில் உடலை ஒடுக்கிப் புகுந்து வெளியேறும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு, தைத்த இடத்தை நோக்கி ஊர்ந்து செல்கிறது. அதற்குக் கால்கள் கிடையா. ஆக்டின் என்னும் புரத இழைகள் முன்விளிம்பிலே கிளைவிட்டு வளர்ந்து சவ்வை முன்னே தள்ள, பின்புறத்தில் மயோசின் புரதம் இறுக்கிச் சுருக்க, பழைய இழைகள் கலைந்து மீண்டும் முன்னே சென்று சேர, நிமிஷத்துக்கு ஏறத்தாழத் தன் உடலளவு தூரம் அது நகர்கிறது.

நகர்வதற்கு ஆக்டின் போதும். அணு சிதறாமல் ஒரே வழியில் செல்வதற்கோ அதனுள்ளே நீளும் நுண்குழல்களும் வேண்டும். 1820-லேயே ஐரோப்பியத் தாவரமொன்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கால்சிசின், உயிரணுவுக்குள் எதனோடு ஒட்டுகிறதென்று தேடிய போரிசியும் டெய்லரும், 1967-ல் சிகாகோவில், இக்குழல்களுக்குச் செங்கல்லாகிய டியூபுலின் புரதத்தைக் கண்டார்கள். விஷம் டியூபுலினைப் பற்றிக்கொண்டால் குழல் மேற்கொண்டு வளராமல் சிதைந்துபோகிறது; அதில் கட்டுண்டிருந்த ஒரு புரதம் விடுபட்டு, பின்புறத்தில் மட்டும் நிகழவேண்டிய சுருக்கத்தை எங்கும் கிளப்பிவிடுகிறது. இன்னும் விசித்திரம், திசுவின் கிளைவழிகளில் நேர்வது. நாலைந்து கைகளை நீட்டிப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றை உள்வாங்கிக்கொள்வது அணுவின் இயல்பு. குழல்கள் சிதைந்தபின் ஒரு கையின் சமாசாரம் மறுகைக்கு எட்டுவதில்லை. நுகத்தடி கழன்ற மாடுகள் பக்கத்துக்கொன்றாய் இழுப்பதுபோல் கைகள் இழுக்க, ஆய்வுக்கூடத்தில் டென்ட்ரைட்டிக் என்னும் வகை வெள்ளணுக்கள் தம்மைத்தாமே கிழித்துக்கொண்டதும் உண்டு.

இந்தத் தடுமாற்றமே அளவோடு நேரும்போது சிகிச்சையாகிறது. யூரிக் அமிலப் படிகங்கள் கால் பெருவிரல் மூட்டில் சேர, அங்கே வெள்ளணுக்கள் திரண்டு மொய்ப்பதால் உண்டாகும் கவுட் வேதனையைக் கால்சிசின் தணிக்கிறது. நாளொன்றுக்கு அரை மில்லிகிராம் வீதம் இருதய ரத்தநாள நோய்க்கும் கொடுக்கலாமென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-ல் அனுமதித்தது. ஆனால் உயிரணு இரண்டாகப் பிரிவதற்கும் இதே நுண்குழல்கள் வேண்டியிருப்பதால், அளவு மீறினால் முதலில் வாந்தியும் பேதியும், பிறகு எலும்பு மஜ்ஜை முடங்கி வெள்ளணுக்களே குறைந்துபோவதும், பிழைத்தவர்க்கு முடி கொட்டுவதும் நேர்கின்றன. கிழங்கை உரைத்துக் கொடுக்கிற வீட்டு வைத்தியத்தில் அந்த அரை மில்லிகிராமை அளக்க வழியே இல்லை.