டைமரில் மூன்று நிமிடம்

ஒரு கை வெடிகுண்டின் டைமரைத் திருகுகிறது. நிழலோடு நிழலாக ஓடிப்போய்க் காரின் டிக்கியில் அதை வைத்துவிட்டு மறைகிறான் ஒருவன். எதுவும் தெரியாத ஒரு ஜோடி வந்து காரைக் கிளப்புகிறது.

ஆர்சன் வெல்ஸின் 'டச் ஆஃப் ஈவில்' (1958) இப்படித்தான் தொடங்குகிறது. மூன்று நிமிடத்துக்கு மேல் வெட்டே இல்லை. கிரேனில் ஏறிய கேமரா கூரைகளைத் தாண்டி இறங்கி, தெருவில் நடந்துவரும் புதுமணத் தம்பதியைப் பிடித்துக்கொள்கிறது. கார் அவர்களை உரசுவதுபோல் போகிறது, நிற்கிறது, மறுபடி வருகிறது. சோதனைச் சாவடிப் பேச்சிலேயே இது மெக்சிகோ எல்லை, கணவர் போதைக் கும்பலைப் பிடித்த அதிகாரி என்பதெல்லாம் தெரிந்துவிடுகிறது. பாடம் நடத்துவதாக யாருக்கும் தோன்றாது. குண்டு நினைவில் இருப்பதால் ஒவ்வொரு சொல்லும் காதில் விழுகிறது. இதுதான் வெல்ஸின் மேதைமை.

ஸ்டுடியோவோ அந்தக் காட்சியின் மேலேயே பெயர்ப் பட்டியலை ஓட்டியது. 1998இல் வெல்ஸின் குறிப்புகளை வைத்து படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் அதை நீக்கினார்.

தமிழில் எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) இன்னும் துணிச்சலானது. தொடக்கத்திலேயே சிவாஜி கணேசன் சுடப்பட்டுச் சாகிறார். மனைவி, தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் என எல்லோர் மீதும் சந்தேகம் விழ, பாட்டே இல்லாமல் படம் நகர்கிறது.